மூன்று அட்டை, ஒரே பாட்டு: விஷுவல் கெய் பக்கம் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் வேலைக்கு வந்து சேரும் நம் ஆட்களில் ஒரு சிலருக்காவது விஷுவல் கெய் பித்து பிடித்துவிடுகிறது, அதாவது மேக்கப்பும் அலங்கார உடையுமாக மேடையேறும் ஜப்பானிய ராக் பேண்டுகளின் பித்து. பெரும்பாலும் ஏதோ ஒரு அனிமேயின் தொடக்கப் பாட்டில் ஆரம்பித்திருக்கும். 'டெத் நோட்' பார்த்து நைட்மேர் பேண்டைப் பிடித்தவர்கள் உண்டு, 'பிளாக் பட்லர்' இரண்டாம் பருவத்திலிருந்து கசெட் பேண்டுக்கு வந்தவர்களும் உண்டு. எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் இவர்கள் சறுக்குவதும் நான் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான். யென் கரைகிறது, கேட்க வேண்டிய பாட்டு காதுக்கு வராமலே போகிறது. பெயரைத் தப்பாக உச்சரிப்பது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும்.

இதை ஒரு இசைவகை என்று நினைப்பது

எக்ஸ் (பின்னாளில் எக்ஸ் ஜப்பான்) 1989-ல் வெளியிட்ட 'ப்ளூ பிளட்' ஆல்பத்தின் அட்டையில் 'சைக்கடெலிக் வயலன்ஸ் க்ரைம் ஆஃப் விஷுவல் ஷாக்' என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வருடம் வந்த 'ஷாக்ஸ்' பத்திரிகையும் அதன் நிறுவனர் ஹோஷிகோ செய்ச்சியும் அந்த வழியில் 'விஷுவல் கெய்' என்ற பெயரைப் பரப்பினார்கள், அது ஒட்டிக்கொண்டது. பெயர் தோற்றத்துக்கு வைத்தது. இசைக்குள் போனால் எக்ஸ் வாசித்தது வேக மெட்டல். மாலிஸ் மிசெரில் ஹார்ப்சிகார்டும் ஆர்கனும் கேட்கும். பிளாஸ்டிக் ட்ரீயின் கிட்டார் பனிமூட்டமாகப் பரவும். கோல்டன் பாம்பர் மேடையில் வாத்தியம் வாசிப்பதே இல்லை, வாசிப்பதுபோல நடிப்பார்கள்.

அதனால் "எனக்கு விஷுவல் கெய் பிடிக்கும், அதே மாதிரி வேற சொல்லுங்க" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த ஆல்பம் பிடித்தது என்று சொன்னால் அங்கிருந்து வழி காட்டலாம். ஊரைப் பிடித்துப் போவது நல்ல வழி: குரோயுமே, லப்யூட்டா, ரூவாஜ் என்று நகோயாவிலிருந்து வந்தவர்களிடம் ஒரு பொதுவான இருட்டு உண்டு. லேபிளைப் பிடித்தும் போகலாம். எக்ஸின் டிரம்மர் யோஷிகி நடத்திய எக்ஸ்டஸி ரெக்கார்ட்ஸில் தொடங்கினால் எக்ஸின் 'வானிஷிங் விஷன்' (1988), லூனா ஸீயின் முதல் ஆல்பம் (1991) என்று ஒரே மூச்சில் ஒரு தலைமுறையைக் கேட்டுவிடலாம்.

டைப் ஏ, டைப் பி, டைப் சி: எல்லாவற்றையும் வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

போன வருடம் பக்கத்துக் கட்டடத்துத் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பையோடு வந்தான். தனக்குப் பிடித்த பேண்டின் புது சிங்கிள் (இரண்டு மூன்று பாட்டு மட்டும் உள்ள தட்டு) வந்த வாரம். பையிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினான். கறுப்பு அட்டை, சிவப்பு அட்டை, சிவப்பிலேயே இன்னொன்று, இன்னும் இரண்டு கறுப்பு. எல்லாம் ஒரே சிங்கிள். "அண்ணா, இதுல ஏ டைப் மூணு, பி டைப் ரெண்டு" என்றான். ஒவ்வொன்றும் 2,000 யென்னுக்குக் கிட்டத்தட்ட. ஒவ்வொரு அட்டைக்கும் கடையில் ஒரு சின்ன புகைப்படம் தந்திருக்கிறார்கள், உறைக்குள் யார் படம் இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பாடகரின் படம் வேண்டும் என்றுதான் மூன்று வாங்கியிருக்கிறான். மூன்றிலும் டிரம்மர்.

நான் அட்டையின் பக்கவாட்டில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைப் படித்தேன். ஏ-யில் தலைப்புப் பாட்டு, ஒரு இரண்டாம் பாட்டு, அந்தத் தலைப்புப் பாட்டின் வீடியோ அடங்கிய டிவிடி. பி-யில் அதே இரண்டு பாட்டு, வீடியோ எடுத்த கதையைச் சொல்லும் டிவிடி. பட்டையின் அடியில் பொடி எழுத்தில் சாதாரணப் பதிப்பின் விவரம் இருந்தது: டைப் சி, 1,300 யென் சொச்சம், டிவிடி கிடையாது, மூன்று பாட்டு. அந்த மூன்றாவது பாட்டு வேறு எதிலும் இல்லை. ஏறக்குறைய 10,000 யென் செலவழித்த பையனிடம் அந்தப் பாட்டு இல்லை.

இது தற்செயலாக நடப்பதல்ல. டிவிடி, பெரிய படப்புத்தகம், வேறு அட்டை எல்லாம் 'ஷொகாய் கென்டெய்' என்கிற, குறைந்த எண்ணிக்கையில் வரும் முதல் வரையறைப் பதிப்புக்குப் போகும். அதை வாங்குகிறவர்கள் சாதாரணப் பதிப்பையும் வாங்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? அதற்காக ஒரு பாட்டை அங்கே வைப்பார்கள். ஒரே சிங்கிளின் எல்லாப் பதிப்பும் ஜப்பானின் விற்பனைத் தரவரிசையான ஓரிகன் பட்டியலில் ஒரே கணக்கில்தான் சேரும், ஆகவே ஒரு ரசிகர் மூன்று வாங்கினால் மூன்று விற்பனை. சிறிய பேண்டுகளுக்கு முதல் வார விற்பனைதான் மூச்சு. அடுத்த சுற்றுப்பயணமும் அடுத்த ஒலிப்பதிவும் அதை நம்பித்தான் நடக்கின்றன. அதனால் பேண்ட்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஏற்பாடு தெரியாமல், விலை அதிகமாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கும் என்று நம்பி வாங்குவதுதான் வயிற்றெரிச்சல். இசைக்காக வாங்குகிறீர்கள் என்றால் பெரும்பாலான சமயம் அங்கே மலிவானதே முழுமையானது. நம் ஊரில் பழக்கப்பட்ட கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

கடைப் பரிசுகளும் இந்தக் கதையில் சேர்த்தி. இங்கே 'டோக்குடென்' என்பார்கள். இந்தக் கடையில் வாங்கினால் புகைப்படம், அந்தக் கடையில் வாங்கினால் குறுந்தட்டில் உறுப்பினர்கள் பேசும் பேச்சு, இன்னொரு கடையில் வாங்கினால் பேண்டை நேரில் பார்க்கும் நிகழ்ச்சிக்குச் சீட்டு. அந்த நிகழ்ச்சியில் ஒருவரோடு நின்று 'செக்கி' எடுக்கலாம், அதாவது உடனே அச்சாகி வரும் சின்னப் படம். உங்களுக்கு அந்த நிமிடம் வேண்டும் என்றால் போய் வாங்குங்கள், அது நியாயமான ஆசை. ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். நேரில் பார்க்கிற சீட்டுக்காகக் கொடுத்த பணத்தை 'இசைச் சேகரிப்பு' என்று கணக்கு எழுதினால் மாதக் கடைசியில் மனசு கசந்துபோகும். அப்படிக் கசந்து இந்த இசையையே விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். அதுதான் உண்மையான நஷ்டம்.

இன்னொன்று, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு. ஜப்பானிய டிவிடி இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். ப்ளூ-ரே என்றால் இங்கே ஏ, அங்கே சி. மண்டலப் பூட்டு போட்ட பிளேயரில் அந்த 2,000 யென் டிவிடி ஓடவே ஓடாது.

அப்புறம் எப்படித்தான் வாங்குவது? முதலில் பேண்டின் தளத்தில் எல்லாப் பதிப்புகளின் பாட்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. தலைப்புப் பாட்டு எப்படியும் அடுத்த ஆல்பத்தில் வந்துவிடும். இரண்டாம், மூன்றாம் பாட்டுகள்தான் பல சமயம் சிங்கிளோடு நின்றுவிடும், ஆகவே அவை இருக்கும் பதிப்பை வாங்குங்கள். வரையறைப் பதிப்பின்மேல் ஆசை அடங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். புக்-ஆஃப் மாதிரிப் பழைய சரக்குக் கடைகளில் ஒருகாலத்தில் அடித்துப்பிடித்து வாங்கிய வரையறைப் பதிப்புகள் காகிதப் பட்டையோடு 300, 500 யென்னுக்குக் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எல்லாம் அப்படி இறங்குவதில்லை, ஆனால் பெரும்பான்மை இறங்கிவிடும்.

விதிவிலக்கு உண்டு. கூடுதல் வட்டில் இசையே இருந்தால் தாராளமாக வாங்கலாம். டிர் அன் கிரேயின் 'டும் ஸ்பிரோ ஸ்பெரோ' (2011) வரையறைப் பதிப்பின் இரண்டாம் தட்டில், 2000-ல் வந்த 'மகாப்ர்' ஆல்பத்தின் 'ரசெட்சுகொக்கு' பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பணம் இசைக்குப் போன பணம்.

'பெஸ்ட்' ஆல்பத்தில் தொடங்குவது

பெஸ்ட் என்று போட்டிருந்தாலே பழைய பதிவுகளின் தொகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். விஷுவல் கெய் பேண்டுகளுக்குத் தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி பதிவது கைவந்த பழக்கம். பக்-டிக் 1992-ல் வெளியிட்ட 'கொரோஷி நோ ஷிராபெ' முழுக்கவும் பழைய பாட்டுகளைப் புதிதாக வாசித்தது. 'இது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் துணைத் தலைப்பே வைத்தார்கள். லூனா ஸீ தங்கள் 1991 ஆல்பத்தை 2011-ல் முழுமையாக மறுபடி பதிந்தார்கள். ஒலி பிரமாதம், கை பழுத்திருக்கிறது. ஆனாலும் நான் முதல் பதிவைத்தான் தருவேன். அதில் ஒலி மெலிசு, ஆனால் அந்த அவசரமும் பதற்றமும் இருபது வருடம் கழித்துத் திரும்பி வராது.

எக்ஸின் 'குரெனாய்' இன்னும் நல்ல உதாரணம். 1988-ன் 'வானிஷிங் விஷன்' பதிவில் பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்தது அடுத்த வருடம் 'ப்ளூ பிளட்'டில் வந்த ஜப்பானிய வடிவம், வாத்திய இசையோடு தொடங்குவது. அதே 'வானிஷிங் விஷன்' கடைசியில் 'அன்ஃபினிஷ்ட்' பாடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று அறுந்துபோகும். தட்டில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். மிச்சத்தை 'ப்ளூ பிளட்'டில் கடைசிப் பாட்டாக முடித்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற சுகம் எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது.

பாடகர் போனதும் பேண்டை விட்டுவிடுவது

மாலிஸ் மிசெர் என்றால் பாடகர் காக்ட், காக்ட் என்றால் 1998-ன் 'மெர்வெய்'. அவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். 'மெர்வெய்' மகத்தான ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேண்டைத் தொடங்கியவர்கள் மானாவும் கோஸியும். காக்ட் வருவதற்கு முன்னால் டெட்சு பாடிய 'மெமுவார்' 1994-லேயே வந்துவிட்டது. அதிலும் பிற்பாடு வந்த 'மெமுவார் டிஎக்ஸ்' பதிப்பைத் தேடுங்கள், ஒரு பாட்டு கூடுதல்.

1999 ஜனவரியில் காக்ட் விலகினார். ஜூன் மாதம் டிரம்மர் காமி இறந்துபோனார். அதற்கு மேலும் எழுந்து 2000-ல் கொடுத்ததுதான் 'பாரா நோ செய்டோ'. பாடகர் க்ளஹா. ஆர்கன், கோரஸ், தேவாலயத்துக் குளிர். முந்தைய ஆல்பத்தின் வண்ணங்களில் ஒன்றுகூட இல்லை. அதே வருடம் டோக்கியோவின் பெரிய அரங்கமான நிப்பான் புடோக்கானில் தேவாலயத்தையே அரங்கமாக எழுப்பி நிகழ்ச்சி நடத்தினார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே துணிச்சலானது இதுதான். சோகமான சமயத்தில் வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரே எண்ணத்தை விடாமல் பிடித்திருக்கும் ஆல்பம் அவர்களிடம் வேறு இல்லை.

மேக்கப் குறைந்ததும் 'மாறிட்டாங்க' என்பது

டிர் அன் கிரே 1999-ல் யோஷிகி தயாரிப்பில் ஒரே நாளில் மூன்று சிங்கிள் விட்ட காலத்துப் படங்களையும் 2003-ன் 'வல்கர்' காலத்துப் படங்களையும் வைத்துக்கொண்டு புலம்புகிறார்கள். அதே ஐந்து பேர். 'காஸ்' (1999) கேளுங்கள், 'வல்கர்' கேளுங்கள், 'யுரோபரோஸ்' (2008) கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

பெயரை ரோமன் எழுத்தில் மட்டும் தேடுவது

பாதிச் சரக்கு கண்ணில் படாது. பெயரை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள்.

சுருக்கப்பட்ட பழைய எம்பி3 கோப்பைக் கேட்டுவிட்டு ஒலிப்பதிவைக் குறை சொல்வது

வேண்டாம்.

லைவ் ஹவுசுக்குள் கச்சேரிக்குப் போவதுபோலப் போவது

லைவ் ஹவுஸ் என்பது பேண்டுகள் வாசிக்கும் சின்ன அரங்கு. சீட்டில் போட்ட விலையோடு முடியாது. வாசலில் பானத்துக்கு என்று தனியாக 600 யென் அளவில் வாங்குவார்கள், சில்லறையாக வைத்திருங்கள். உள்ளே விடுவது சீட்டில் இருக்கும் எண் வரிசைப்படி, எனவே சீக்கிரம் போய் வாசலில் நிற்பதில் பயனில்லை. உங்கள் எண்ணைக் கூப்பிடும்போது அங்கே இருந்தால் போதும். பை, கோட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே லாக்கரில் போட்டுவிடுங்கள், கையில் துண்டு மட்டும்.

பல பேண்டுகள் சேர்ந்து வாசிக்கும் மாலைகளில் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் அளவில்தான் கிடைக்கும். ஒரு பேண்ட் முடிந்து திரை மூடியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் வந்துவிடுவார்கள், அடுத்த பேண்டின் ரசிகைகள் அந்த இடத்துக்குப் போவார்கள். முதல் வரிசையில் யார் எங்கே நிற்பது என்று பழைய ரசிகைகளுக்குள் பேச்சு இருக்கும். அது எழுதாத விதி, கேட்காமல் புகுந்தால் அன்றைக்கு முழுக்க உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். நடுவில் நில்லுங்கள். கை அசைவுகள் பாட்டுக்குப் பாட்டு மாறும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் இரண்டாவது கோரஸுக்குள் பிடிபட்டுவிடும். தலையை வீசும் இடம் வந்தால் ஒரு அடி பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், முன்னால் இருப்பவரின் கூந்தல் முகத்தில் அடிக்கும்.

படம் எடுக்கலாம் என்று மேடையிலிருந்து சொன்னால் தவிர போனை வெளியே எடுக்காதீர்கள்.