காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய பென்ஸ்: பர்ஸைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

"யானையக் கட்டித் தீனி போடப் போறியா மாப்ள?" வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று மாமா கேட்டது இது. கேட்டுவிட்டு அவரே முதலில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தும் சத்தத்தை நாலு தடவை கேட்டார்.

என்னுடையது 1996 மாடல் பென்ஸ் இ250டி. அதன் மாடல் குறியீடு டபிள்யூ124 என்றால் பழைய வண்டிப் பிரியர்களுக்குத் தெரியும். 1995இல் மெர்சிடிஸ், டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து புனேயில் பூட்டத் தொடங்கிய கார். இரண்டரை லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல், 113 குதிரைத்திறன், என்னுடையதில் கை கியர். நான் கொடுத்த விலைக்கு இன்று புது ஆல்டோ வராது. ஆனால் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் பென்ஸ் விலையில்தான் நிற்கிறது. அதனால் இந்த வண்டியில் பணம் போகும் ஓட்டை ஒன்றே ஒன்றுதான்: என்ன கோளாறு என்று தெரியாமலே பொருளை மாற்றிப் பார்ப்பது. நான் அப்படி மாற்றிப் பார்த்தவன். அதனால்தான் இந்தப் பதிவு.

கோளாறு இதுதான். மதியம் சாவியைத் தொட்டாலே ஓடும் வண்டி, காலையில் மட்டும் படுத்தும். முதல் திருப்பில் உடனே பிடிக்கும், இரண்டு விநாடி ஓடும், அணைந்துவிடும். அப்புறம் அரை நிமிடம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஹீட்டர் ப்ளக் போச்சு சார்" என்றார்கள். குளிர்ந்த டீசல் எஞ்சின் பிடிப்பதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் ப்ளக் அது, சிலிண்டருக்கு ஒன்று. ஐந்தையும் மாற்றினார்கள், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பூட்டிய கூலியும் சேர்ந்தது. மறுநாள் காலை? அதே கதை. பேட்டரியும் மாற்றினேன். அதே கதை. கழற்றிய பழைய ப்ளக்குகளை ஏதோ நல்ல புத்தியில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை மீட்டரில் வைத்துப் பார்த்தால் ஐந்தும் நன்றாக இருந்தன.

கருவிகள்

தபாரியா ஸ்பேனர் செட், சுமாரான ஒரு மல்டிமீட்டர், கனம் அளக்கும் வெர்னியர், நல்ல டார்ச், ஒரு மீட்டர் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடிக் குழாய் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்), குழாயை இறுக்கும் கிளிப் நான்கு. இவ்வளவு போதும். கோளாறைப் படித்துச் சொல்லும் ஓபிடி ஸ்கேனர் வாங்காதீர்கள், அதைச் செருகும் துளையே இந்த வண்டியில் கிடையாது. பானட்டை செங்குத்தாக 90 டிகிரிக்கு நிமிர்த்தி நிறுத்தலாம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். எனக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆனது, அதற்குள் தலையில் மூன்று இடி.

படி 1: ஃப்யூஸ்

காசே இல்லாத வேலை, முதலில் இதை முடியுங்கள். இந்த வண்டியில் இருப்பவை கூர்முனை கொண்ட குண்டு ஃப்யூஸ்கள். எரிந்திருக்காது, ஆனால் முனையில் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுப்போயிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து முனையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். என் வண்டியில் ஹார்னும் உள்விளக்கும் இப்படித்தான் திரும்பி வந்தன. புதிதாக வாங்குவதாக இருந்தால் அலுமினியத்தை விடச் செம்புப் பட்டை உள்ளது மேல்.

படி 2: ஹீட்டர் ப்ளக்கைக் கழற்றாமலே சோதிப்பது

எஞ்சினிலிருந்து வரும் ஐந்து ஒயர்களும் ஒரு ரிலேயில் (ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் பெட்டி) போய்ச் சேரும். கண்ணால் பின்தொடர்ந்தால் கிடைத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, அந்தக் கனெக்டரைப் பிடுங்குங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் மறுமுனையை ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். ஒரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டினால் ப்ளக் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அது செத்துவிட்டது. ரிலே மூடிக்குள் 80 ஆம்பியர் பட்டை ஃப்யூஸ் ஒன்று இருக்கும். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் ஐந்து ப்ளக்கும் சூடாகாது, அதையும் பாருங்கள்.

பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் ஐந்து ப்ளக் வாங்கினேன்.

ப்ளக் உண்மையிலேயே போயிருந்தால் ஒரு எச்சரிக்கை: எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். இறுக்கமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ப்ளக் எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே முறியும், பிறகு அந்த ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். வாங்குவதாக இருந்தால் பெரு அல்லது பாஷ் கம்பெனியுடையது. பெயர் தெரியாதவை வேண்டாம், சிலது நுனி வீங்கி வெளியே வர மறுக்கும்.

படி 3: காற்று

என் கண்ணைத் திறந்தது ஒரு விசேஷம். எங்கள் வீட்டு போர்டிகோ சரிவில் இருக்கிறது, வண்டி எப்போதும் மூக்கு மேலே தூக்கித்தான் நிற்கும். சொந்தக்காரர்கள் வந்திருந்த ஒரு நாள் இடமில்லாமல் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினேன். மறுநாள் காலை ஒரே திருப்பில் பிடித்து, அணையாமல் ஓடியது. மூன்று நாள் இப்படியும் அப்படியும் மாற்றி நிறுத்திப் பார்த்தேன். மூக்கு மேலே இருந்தால் படுத்துகிறது, கீழே இருந்தால் ஓடுகிறது.

டெம்போ டிராக்ஸ் வண்டிகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். பானட்டைக்கூடத் திறக்கவில்லை அவர். "காத்து புடிக்குதுங்க தம்பி. டீசல் ராத்திரில டேங்குக்கே திரும்பிப் போயிருதுங்க" என்றார்.

(இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. டிராக்ஸில் ஓடுவது பென்ஸ் ஓஎம்616 எஞ்சினை உரிமம் வாங்கி இங்கே செய்தது. அதில் கை தேர்ந்தவர்களுக்கு இந்தப் பழைய பென்ஸ் டீசல் அந்நியமே இல்லை. ஏசி போட்ட வரவேற்பறை உள்ள ஒர்க்‌ஷாப்பை விட இவர்களிடம் போங்கள் என்பது என் கட்சி.)

டேங்க் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து டீசலை உறிஞ்சி வரும் பாதையில் எங்காவது ஒரு ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காய்ந்திருந்தால் காற்று உள்ளே போகும். டீசல் வெளியே ஒழுகாது என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பம்பில் மிச்சமிருக்கும் டீசலில் எஞ்சின் இரண்டு விநாடி ஓடும், அப்புறம் காற்று வந்து சேரும், அணையும். ஹீட்டர் ப்ளக் கோளாறு இப்படி இருக்காது. அதில் முதலிலிருந்தே பிடிக்கத் திணறும், வெள்ளைப் புகை தள்ளும், பிடித்த பிறகும் குலுங்கும். இந்த வித்தியாசத்தைக் காதால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உறுதி செய்ய இரண்டு சோதனை. முதலாவது: இந்த எஞ்சினில் டீசல் குழாய்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ராத்திரி மூக்கு மேலே நிறுத்துங்கள். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயில் விரல் நீளத்துக்கு வெற்றிடம் தெரிந்தால் காற்றுதான்.

இரண்டாவது பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் சுத்தமான டீசலைப் பாட்டிலில் ஊற்றி, எஞ்சினை விட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சின்ன முன்வடிகட்டிக்கு அடுத்து, டீசல் பம்புக்குள் போகும் குழாயைக் கழற்றி அங்கே பாட்டிலிலிருந்து வரும் கண்ணாடிக் குழாயைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காற்றை வெளியேற்றியதும் அணைத்துவிடுங்கள். ஓட விட்டால் மிச்ச டீசல் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்குப் போய் பாட்டில் சீக்கிரம் காலியாகிவிடும். அடியில் செய்தித்தாள் விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் உடனே பிடித்து, அடியில் ஈரமும் இல்லாவிட்டால் ஓட்டை டேங்குக்கும் பாட்டில் செருகிய இடத்துக்கும் நடுவில். செய்தித்தாளில் சொட்டு இருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள இணைப்பு. உறிஞ்சும்போது காற்றை இழுத்த ஓட்டை, இப்போது மேலிருந்து அழுத்தம் வருவதால் டீசலைக் கசியவிடும், அவ்வளவுதான் சூட்சுமம்.

என் செய்தித்தாளில் மூன்று இடத்தில் சொட்டு.

படி 4: ஓ-ரிங் மாற்றுவது

கழற்றுவதற்கு முன் குழாய்கள் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளைச் சுற்றி பிரஷ் வைத்து மண்ணைத் தட்டிவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனால் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு ஆகாது. குழாய்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் முப்பது வருஷத்துக் காய்ந்த அப்பளம். இரண்டு உடையும் என்று எதிர்பார்த்தே முன்கூட்டி வாங்கி வைத்திருங்கள்.

இனி வளையம். கோயம்புத்தூர் பம்புசெட் ஊர், ஓ-ரிங் கடைக்குப் பஞ்சமில்லை. பழையதை எடுத்துக்கொண்டு போனேன், கடைக்காரர் வெர்னியர் வைத்துப் பார்த்து அதே அளவில் கொடுத்தார், எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. நெஞ்சு நிமிர்ந்து வந்தேன். மூன்று மாதத்தில் கோளாறு திரும்பி வந்துவிட்டது. நான் செய்த தப்பு இரண்டு. முதலாவது, பழைய வளையம் நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதை அளந்தால் கனம் குறைவாகத்தான் வரும். வளையம் உட்காரும் பள்ளத்தை அளக்க வேண்டும். இரண்டாவது, அவர் கொடுத்தது சாதாரண நைட்ரைல் ரப்பர். சூடும் டீசலும் சேர்ந்த இடத்தில் அது சீக்கிரம் இறுகிவிட்டது. சூட்டையும் டீசலையும் தாங்கும் ரப்பர் வைட்டான், "வைட்டான் குடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விலை பல மடங்கு, இருந்தும் மொத்தச் செலவு எனக்கு ஆயிரத்தைத் தாண்டவில்லை.

வளையத்தை டீசலில் நனைத்துவிட்டுப் போடுங்கள், காய்ந்தபடி தள்ளினால் வெட்டுப்படும். ஈரம் தெரிந்த இடத்தை மட்டும் மாற்றாமல் எல்லா இணைப்பையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இன்ஜெக்டர்களுக்கு நடுவே ஓடும் நூல் சுற்றிய சின்ன ரிட்டர்ன் குழாயையும் கையோடு மாற்றுங்கள், மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்.

டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் டீசல் நிரப்பிப் பூட்டுங்கள். பின் பதினைந்து விநாடி சுற்றுவது, ஒரு நிமிடம் ஓய்வு என்று போங்கள். ஒரேயடியாகச் சுற்றினால் ஸ்டார்ட்டர் வெந்துவிடும். ராமேஸ்வரம் போனபோது படகு எஞ்சினுக்கு மாட்டும் ரப்பர் பந்துப் பம்பு ஒன்று வாங்கி வந்தேன். இப்போது அதை வைத்து அழுத்தியே டீசலைக் கொண்டுவந்துவிடுகிறேன்.

மற்றவை, வேகமாக

ஆயில்: 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில், லாரிக்கு ஊற்றும் நல்ல கம்பெனிச் சரக்கே போதும். ஏழு லிட்டர் பக்கம் பிடிக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள். சிறுவாணியே ஆனாலும் சரி, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்தான். டயர் 195/65 ஆர்15, ஸ்கோடா ஆக்டேவியாவுக்கும் அதே அளவுதான் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். சஸ்பென்ஷன் சாமான் லெம்ஃபோர்டர் கம்பெனியுடையது வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடுவதானால் கண்ணாடி, கைப்பிடி, சீட் மாதிரியானவை சரி. ரப்பரும் பிரேக்கும் ஒருபோதும் பழையது வேண்டாம்.

ஆர்சி: பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025இல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வண்டி பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: வைட்டான் போட்ட பிறகும் காற்று வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கனம் கூடின வளையம் போட்டதால் கிளிப் கடைசி வரை உட்காரவில்லை. "டக்" என்று சத்தம் வர வேண்டும், அப்புறம் இழுத்துப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு வளையம் எல்லாம் சரி, முன்வடிகட்டியின் உடம்பிலேயே விரிசல். அதன் விலை ஒரு சினிமா டிக்கெட் அளவுதான், சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: சென்ட்ரல் லாக் பற்றி நிறையக் கேள்வி. அது மின்சாரத்தில் இழுப்பதில்லை, காற்றழுத்தத்தில் வேலை செய்வது. பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இருக்கிறது. பூட்டிய பிறகும் அது "ம்ம்ம்" என்று நீண்ட நேரம் முனகினால் ஏதோ ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு கதவுக் குழாயாக மடக்கிப் பிடித்துப் பாருங்கள், முனகல் எந்தக் கதவில் நிற்கிறதோ அதுதான். பம்பை உடனே மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: இ220 பெட்ரோல் வைத்திருக்கும் நண்பர்களே, மேலே சொன்ன காற்றுக் கதை உங்களுக்கு இல்லை. உங்கள் வியாதி எஞ்சின் ஒயரிங். அந்த வருஷங்களின் பெட்ரோல் எஞ்சின்களில் ஒயர் மேல் உறை சூட்டில் உதிர்ந்து, செம்பு வெளியே தெரியும். வண்டி விட்டுவிட்டுத் திணறினால் இக்னிஷன் காயில் வாங்குவதற்கு முன், இன்ஜெக்டர் பக்கம் போகும் ஒயரின் கறுப்புக் குழாயை அரை இஞ்ச் மட்டும் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். உறை பொடியாகக் கையில் வந்தால் அதற்கு மேல் தொடாதீர்கள். வண்டியை ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயரிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.