மதுரைக்கு ஒரு ரத்தக்காட்டேரி: தொடர்கதை எழுதத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

ரத்தக்காட்டேரித் தொடர் எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "உங்க ஆளு ஏன் பூண்டுக்குப் பயப்படல?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொன்னாலே தொடரைக் கட்டிய விதத்தில் பாதி சொன்னதாகிவிடும். மதுரையில் ரசத்தில் பூண்டு, ஊறுகாயில் பூண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக்குழம்பு. பூண்டுக்கு அஞ்சுகிற எதுவும் இந்த ஊரில் ஒரு ராத்திரிகூடத் தாக்குப்பிடிக்காது.

ஆகவே விதிகளை வெளியூர்க் கதைகளிலிருந்து கொண்டுவந்து ஊர்மேல் ஒட்டாதீர்கள். இங்குள்ள ஜனங்கள் யோசிக்காமல் செய்கிற காரியங்களுக்குள்ளிருந்து எடுங்கள். என் தொடரின் நாயகன் இருளப்பனை வைத்தே விளக்குகிறேன்.

படி 1: பழைய விதிகளை எழுதி, வேண்டாததை அடியுங்கள்

வெயில், பூண்டு, கண்ணாடி, சிலுவை, அழைக்காத வீட்டுக்குள் நுழைய முடியாமை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இவற்றில் சில எங்கோ ஒரு நாட்டு ஜனங்களின் நம்பிக்கை, சில யாரோ ஒரு கதாசிரியரின் முடிவு. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான்; அப்போது அவன் சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் அழிந்தே போவான் என்பது 1922இல் வெளியான 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் வந்தது. அவர்கள் மாற்றினார்கள், நாமும் மாற்றலாம்.

நான் வெயிலையும் அழைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

படி 2: வைத்துக்கொண்ட விதியை ஊர்ப் பழக்கத்தோடு மோதவிடுங்கள்

வாசலில் யார் நின்றாலும் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் யாரென்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். அழைத்தால் மட்டுமே நுழைய முடிகிற ஒன்றுக்கு இதைவிடத் தோதான ஊர் வேண்டுமா? மரியாதையே ஆபத்தாகிறது. கதைக்கு இது பெரிய பலம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஏதாவது தர வேண்டும். ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவை கூப்பிடும்வரை பதில் கொடுக்காதே என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இருளப்பனால் ஒரு பேரை இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. முதல் பாகத்தில், அலங்காநல்லூர்ப் பக்கத்து வீடொன்றில் அது இப்படி வருகிறது:

"அழகம்மா."

அப்பத்தா பாயை விட்டு எழப்போனாள். பேத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழகம்மா."

"நம்ம ஆளுக கொரல் மாதிரித்தான் இருக்கு. விடு தாயி."

"இரு அப்பத்தா. இன்னொருக்கா கூப்பிடட்டும்."

கூப்பிடவில்லை.

இதில் காட்டேரி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் அழைப்பிலேயே விஷயம் புரிந்துவிடும். கறிக்குழம்பை ராத்திரியில் கொடுத்தனுப்பும்போது கூடவே ஒரு கரித்துண்டோ வேப்பிலையோ வைப்பார்களே, அதுவும் இரண்டாம் பாகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தொடர் முழுவதற்கும் வேண்டிய விதிகள் அவர்களிடம் இருக்கின்றன.

படி 3: பயம் எதிலிருந்து வர வேண்டும் என்று முடிவெடுங்கள்

ஆட்டு ரத்தப் பொரியலை இலையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது. கோயிலில் கிடா வெட்டிப் பந்தி வைக்கிற ஊர். ரத்தத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்தால் வாசகர் அசர மாட்டார். காவல் தெய்வத்துக்கு ரத்தம் வேண்டுதலாகப் போகிறது. கொடுப்பவர் மனமொப்பிக் கொடுக்கிறார், தெய்வம் பதிலுக்கு ஊரைக் காக்கிறது. காட்டேரி கேட்காமல் எடுக்கிறது, பதிலுக்கு எதுவும் தருவதில்லை. என் தொடரின் பயம் அந்த இடத்தில் இருக்கிறது.

எடுப்பவனுக்கும் ஒரு விலை வையுங்கள். விலையில்லாத சக்தி இரண்டாம் அத்தியாயத்திலேயே சலித்துவிடும். இருளப்பன் குடிக்கும் ஒவ்வொரு தடவையும், மனிதனாக இருந்தபோது தின்ற ஏதோ ஒரு பண்டத்தின் ருசி அவனுக்கு மறந்துபோகும். மூன்றாம் பாகத்துக்கு வரும்போது கம்பங்கூழ் மட்டும்தான் மிச்சம்.

படி 4: இருட்டைத் தேடாதீர்கள், இரவைத் தேடுங்கள்

தூங்கா நகரத்தில் ஆளரவமற்ற கோட்டைக்கு எங்கே போவது? விடிய விடிய இட்லிக்கடையில் ஆவி பறக்கும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலேயே பகலுக்கு நாளங்காடி, மாலைக்கு அல்லங்காடி என இரண்டு கடைவீதிகள் வருகின்றன. நள்ளிரவில் பேயும் அணங்கும் உருவெடுத்துத் திரிகின்றன, கள்வரும் காவலரும் நடமாடுகிறார்கள். இந்த ஊரில் பேய் கூட்டத்துக்கு நடுவில் வாழ்ந்து பழகியது.

ஆகவே இருளப்பனை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன் ஆக்கினேன். ராத்திரியில் மூட்டை இறக்கி, விடியுமுன் கிளம்பிவிடுகிற ஒருவனை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அவனுக்குச் செந்தமிழ் வசனம் கொடுக்கவும் இல்லை. எல்லாரையும்போல் பேசுவான். எப்போதாவது, கிலோ என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ரெண்டு வீசை" என்று வாய் நழுவிவிடும். தராசுக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். வயதைக் காட்ட அந்த ஒரு பார்வை போதும்.

படி 5: அவன் மாறிய ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பலர் ராஜா காலத்துக்குப் போய், காட்டேரியை இளவரசன் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அரண்மனை தேவைப்படவில்லை, பசி தேவைப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றவன் இருளப்பன். அந்தப் பசி தீராமலே அவன் மாறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் செய்வது எதையும் நான் தனியாக நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆண்டு முடிவானதும், அவன் கடந்துவந்த காலத்தை ஒரு கோடாகப் போட்டு உண்மை நிகழ்ச்சிகளைக் குறித்தேன். 1895இல் பெரியாறு அணை. பெரியாற்றுத் தண்ணீர் வைகைப் பக்கம் திரும்புகிறது. பஞ்சத்தில் செத்தவர்களின் வயலில் நெல் விளைவதை அவன் நிலா வெளிச்சத்தில் பார்க்கிறான்.

அடுத்த புள்ளி 1939 ஜூலை 8. அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை சாதியால் தடுக்கப்பட்டவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். இருளப்பனும் தடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். உயிரோடிருந்த காலத்தில் கோபுரத்தை வெளியில் நின்று கும்பிட்டவன். அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த கதவு பட்டப்பகலில் திறக்கிறது. அவனால் வெயிலில் வர முடியாது.

இருட்டியபிறகு போகலாமே என்று வாசகர் கேட்பார். கேட்கட்டும். அழைத்தால்தான் நுழைய முடியும் என்பது என் விதி. எல்லாரும் வரலாம் என்று பொதுவாகத் திறந்த கதவு, மனிதனாக இல்லாத அவனையும் அழைத்ததாகுமா? மூன்றாம் பாகம் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. இரண்டு விதிகளும் ஒரு தேதியும் சந்தித்ததால் கிடைத்தது இது. உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது.

படி 6: தொடக்கூடாத இடங்களைக் குறித்துவையுங்கள்

பகலில் அவன் எங்கே படுப்பான் என்றதும் எல்லாருக்கும் சமணர் குகைகள்தான் நினைவுக்கு வரும். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்திலுள்ள கல்வெட்டோடு கற்படுக்கைகள் இருக்கின்றன. ஆனால் அவை கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர்களின் படுக்கைகள். ரத்தம் குடிப்பவனை அதில் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு பகலில் அவன் அங்கே ஒதுங்குகிறான். படுக்கை வெறுமனே கிடக்க, பக்கத்துக் கரடுமுரடான பாறையில் சுருண்டுகொள்கிறான். காரணத்தை அவன் வாயால் சொல்லவைக்கவில்லை.

ஜனங்கள் கும்பிடுகிற காவல் தெய்வங்களையும் பாத்திரமாக்காதீர்கள். கற்பனையாக ஒரு கிராமமும் ஓர் எல்லைச்சாமியும் வைத்துக்கொண்டால் கைக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். யார் மனமும் நோகாது.

படி 7: விதி நோட்டு, பிறகு முதல் காட்சி

நோட்டில் மூன்று பத்தி போதும்: அவனால் முடிந்தது, முடியாதது, அதற்கு அவன் கொடுக்கும் விலை. ஒரு பாகத்துக்கு ஒரு புது விதிதான் வெளியே வர வேண்டும். நடுவில் விதிவிலக்கு தேவைப்பட்டால், முந்தைய பாகத்திலேயே அதற்கு ஒரு வரி விதைத்திருக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் எந்த விதியையும் விளக்காதீர்கள். ஒரு வாசல், ஒரு குரல், உள்ளே இரண்டு பேர் என்று முந்நூறு சொல்லில் எழுதுங்கள். அதை உங்கள் தெருவில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "நீங்களா இருந்தா கதவைத் திறந்திருப்பீங்களா?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். சட்டென்று "மாட்டேன்" என்று வந்தால், கூப்பிடும் குரலை இன்னும் நெருங்கிய சொந்தக்காரர் குரலாக மாற்றித் திரும்ப எழுதுங்கள்.