எவர்சில்வர் பாத்திரம் வாங்குவது எப்படி: முதலில் அடியைப் பாருங்கள்

புதுக்குடித்தனம் வைப்பவர்கள் பாத்திரக்கடைக்குள் நுழைந்ததும் பளபளப்பில்தான் கண் நிற்கும். அந்தப் பளபளப்பு பாத்திரத்தின் தரத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் எந்த மட்டத் தகடும் கண்ணாடிபோல மின்னும். நான் முதன்முதலில் தனியாகச் சமைக்கத் தொடங்கியபோது, மின்னிக்கொண்டிருந்த ஏழு உருப்படி அடுக்கு ஒன்றை அப்படியே எடைபோட்டு வாங்கி வந்தேன். முதல் வாரமே பால் அடிப்பிடித்தது. வெங்காயம் நடுவில் கருகியது, ஓரத்தில் பச்சையாகவே நின்றது. மாதம் முடிவதற்குள் அந்த அடுக்கில் பாதி அரிசியும் பருப்பும் கொட்டிவைக்கும் பாத்திரங்களாகிவிட்டன. எந்த வேலைக்கு எந்தப் பாத்திரம் என்று அன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரச் சமையலை எழுதுங்கள்

கடைக்குப் போகும்முன் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வைப்பதற்கு, கொதிப்பதற்கு, வதக்குவதற்கு. ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் என்னென்ன சமைக்கிறீர்களோ அவற்றை இந்த மூன்றில் ஒன்றில் எழுதுங்கள்.

மாவு கரைத்து வைப்பது, தயிர் உறையூற்றுவது, காய் அரிந்து போடுவது, பரிமாறுவது எல்லாம் முதல் பத்தி. இந்தப் பாத்திரங்கள் நெருப்பையே பார்ப்பதில்லை. மெல்லிய தகடே போதும்.

வடித்த சாதம், ரசம், டீ, இட்லிக்குத் தண்ணீர் ஆகியவை இரண்டாம் பத்தி. தண்ணீர் நிறைய இருக்கும்வரை அதுவே சூட்டைச் சுற்றிச் சுற்றிப் பரப்பிவிடும். அடி 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆகவே இதற்கும் சாதாரண ஒற்றைத் தகட்டுப் பாத்திரம் தாங்கும்.

பொரியல், தாளிப்பு, குழம்புக்கு வதக்குவது, பால், சர்க்கரைப் பொங்கல், பாயசம், தக்காளித் தொக்கு: இது மூன்றாம் பத்தி. இங்கே தண்ணீர் குறைவு, அல்லது கெட்டியாக அடியில் படியும் பொருள் அதிகம். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பத்திக்குத்தான் போக வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான பரிமாறும் பாத்திரங்களுக்குச் செலவழித்துவிட்டு, வாணலியில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

படி 2: எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். நாம் எவர்சில்வர் என்பது இந்த வகை எஃகைத்தான். எஃகில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருந்தால், காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மேலே உருவாகிவிடும். கீறினாலும் அது தானே மீண்டும் வளரும். புளியும் தக்காளியும் எவர்சில்வரை எளிதில் அரிக்காமல் இருப்பது இந்தப் படலத்தால்தான். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்காக ஈயம் பூசுபவரின் வருகைக்குக் காத்திருந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள்.

எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை எண்ணால் குறிப்பார்கள். கடையில் நீங்கள் கேட்கப்போகும் எண்கள் மூன்று நான்குதான். 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது; 18/8 என்று பொறித்திருப்பதும் இதைத்தான். 201, 202, ஜே4 போன்றவை 200 வரிசையைச் சேர்ந்தவை. நிக்கலைக் குறைத்து, மாங்கனீஸைக் கூட்டி விலையைக் கட்டுப்படுத்தியவை. 430இல் நிக்கல் அநேகமாக இல்லை, ஆனால் காந்தம் ஒட்டும். 316இல் மாலிப்டினம் என்ற உலோகமும் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்; வீட்டுச் சமையலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உப்பும் புளியும் போட்டுக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் உட்புறம் 304ஆக இருக்கட்டும். தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம் ஆகியவை 200 வரிசையில் இருந்தால் குறையொன்றுமில்லை. ஈரத்தோடும் உப்போடும் இரவெல்லாம் கிடந்தால் மட்டும் அவற்றில் புள்ளி விழலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு 430ஐப் பாருங்கள்.

இங்கே காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல்" என்பது ஊரெங்கும் நிலவும் நம்பிக்கை. இது தவறு. 304இல் காந்தம் ஒட்டாது, உண்மைதான். மலிவான 202இலும் அது ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதோடு 304 தகட்டையே அழுத்தி வளைத்த இடங்களில், விளிம்பிலும் மூலையிலும், காந்தம் லேசாக இழுக்கும். 430 போலியும் அல்ல; அது வேறு வகை எஃகு. எடையும் உதவாது, ஏனென்றால் 304க்கும் 202க்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றே.

பிறகு எதை நம்புவது? எழுத்தை நம்புங்கள். ரசீதில் 304 என்று எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 14756. அந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது.

படி 3: பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. எவர்சில்வர் துருவைத் தாங்கும், ஆனால் சூட்டைப் பரப்பத் தெரியாத உலோகம். அலுமினியம் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். தாமிரம் அதையும் மிஞ்சும். அடுப்பின் சுடர் எந்த வட்டத்தில் படுகிறதோ, ஒற்றைத் தகட்டில் அந்த வட்டம் மட்டும் கொதிக்கும். பக்கத்திலேயே இரண்டு விரற்கடை தள்ளி சூடு குறைந்திருக்கும். என் வெங்காயம் நடுவில் மட்டும் கருகியதன் காரணம் இதுதான்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் இருக்கின்றன.

காப்பர் பாட்டம் என்று விற்பவற்றில் பலவும் அடியில் மெல்லிய தாமிரப் பூச்சு மட்டுமே கொண்டவை. அழகாக இருக்கும். பூச்சு மெல்லியதென்றால் சூட்டைப் பரப்புவதற்கு அது பெரிதாக உதவாது. தேய்க்கத் தேய்க்கக் கரையும், இண்டக்‌ஷன் அடுப்பிலும் சூடாகாது. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சாண்ட்விச் பாட்டம் என்பது அடியில் தடித்த அலுமினிய வட்டு வைத்து, அதை எஃகால் மூடியது. பால், பாயசம், பொங்கலுக்கு நல்ல பாத்திரம். விலையும் கைக்கு எட்டும். ஒரே ஒரு பலவீனம்: வட்டு அடியோடு நின்றுவிடும், சுவர் வெறும் மெல்லிய தகடு. சுடர் அடியைத் தாண்டி வெளியே எழுந்தால் வட்டுக்கு மேலே ஒரு வளையமாகத் தீயும். வாங்கும்போது வட்டு பாத்திரத்தின் அடி முழுவதையும் மூடியிருக்கிறதா, ஓரத்தில் ஓரங்குலம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ட்ரைப்ளை என்பது அடியிலிருந்து விளிம்புவரை மூன்று அடுக்கும் ஒட்டிய ஒரே தகடு. உணவு படும் உட்புறம் 304, நடுவில் அலுமினியம், வெளிப்புறம் காந்தம் ஒட்டும் 430. இங்கே காந்தம் உண்மையிலேயே பயன்படும்: வெளி அடியில் இறுக ஒட்டினால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும். சுவரும் சீராகச் சூடேறுவதால் வாணலிக்கு இதுவே சிறந்தது. விலை அதிகம். ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் வாணலியை இதில் வாங்குங்கள்.

படி 4: கடையில் கையால் சோதியுங்கள்

கடையின் கண்ணாடி மேசைமேல் பாத்திரத்தை வைத்து விளிம்பில் ஒரு விரலால் அழுத்துங்கள். ஆடினால் அடி சமமில்லை. விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். கூர்மை தட்டுப்படக் கூடாது. விளிம்பு சுருட்டப்பட்டிருந்தால், சுருளுக்குள் தண்ணீர் தங்கும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அங்கேதான் அழுக்கு சேரும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, பாத்திரம் நிறையக் குழம்பு இருப்பதாக நினைத்துச் சாய்த்துப் பாருங்கள். ரிவெட் அடித்தது நீடிக்கும். இரண்டு புள்ளியில் மட்டும் பற்றவைத்த பிடி ஒருநாள் கையோடு வந்துவிடும்.

தகட்டின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறக்காதீர்கள். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர். அடுப்பில் வைக்கும் ஒற்றைத் தகட்டுக் குண்டானுக்கு 18ஐக் கேளுங்கள்.

பெயர் வெட்டித் தருவார்கள். அவசரப்படாதீர்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடையில் திரும்ப எடுப்பது கடினம். வீட்டுக்குக் கொண்டுபோய் அடி ஆடுகிறதா, மூடி பொருந்துகிறதா, உங்கள் அடுப்பின் தாங்கியில் நிற்கிறதா என்று பார்த்தபின் வெட்டிக்கொள்ளலாம்.

படி 5: நான்கு பேர் வீட்டுக்கு எவை போதும்

24 சென்டிமீட்டர் ட்ரைப்ளை வாணலி ஒன்று. பாலுக்கு இரண்டு லிட்டர் சாண்ட்விச் பாட்டம் பாத்திரம் ஒன்று. சாம்பாருக்கும் பொங்கலுக்கும் மூன்று லிட்டரில் அதே வகை ஒன்று. சாதம் வடிப்பவர்களுக்கு ஐந்து லிட்டர் ஒற்றைத் தகட்டுக் குண்டான், கொங்கு நாட்டில் போசி என்பார்களே, அது ஒன்று. மிச்சத்தைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள். தோசைக்கு மட்டும் எவர்சில்வர் வேண்டாம். இரும்புக் கல்லே இருக்கட்டும்.

படி 6: முதல் கழுவலும் முதல் சமையலும்

புதுப் பாத்திரத்தின் உட்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் கருப்பாக வரும். அது பாலிஷ் மிச்சம். கருமை நிற்கும்வரை துடைத்து, பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள்.

எவர்சில்வர் வாணலியில் ஒட்டாமல் சமைக்க ஒரே ஒரு பழக்கம் வேண்டும். வெறும் வாணலியை மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் இன்னும் சூடு போதவில்லை. சொட்டு உடையாமல் பாதரசம்போல உருண்டு ஓடினால் வாணலி தயார். சொட்டுக்கு அடியில் உருவாகும் ஆவி மெத்தைதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. 1756இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்டின் பெயரால் இந்த விளைவு அழைக்கப்படுகிறது. தண்ணீர் முழுவதும் போனதும் தீயைக் குறைத்து எண்ணெய் ஊற்றுங்கள், பிறகு கடுகு. காயைப் போட்ட உடனே கிளறாதீர்கள். அடி சிவந்ததும் அதுவே விட்டுக்கொடுக்கும்.

பாலுக்கு இந்தச் சோதனை வேண்டாம். பாத்திரத்தைத் தண்ணீரால் அலசி, ஈரத்தோடு பால் ஊற்றி, மிதமான தீயில் வைத்தால் போதும்.

படி 7: கறையும் தீய்ச்சலும்

குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விடாதீர்கள். அடியில் படிந்த உப்பிலுள்ள குளோரைடு, எஃகின் மேலுள்ள அந்தப் படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும், அவை மறையாது. தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். வெள்ளைத் திட்டுகள் கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு, வானவில் நிறக் கறை அதிகச் சூட்டின் அடையாளம். இரண்டும் எலுமிச்சைத் தோலுக்கோ புளிக்கோ போய்விடும்.

அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். தீய்ந்த இடம் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் மரக்கரண்டியால் தள்ளுங்கள். பெரும்பாலும் பத்தையாகக் கழன்று வரும். வராவிட்டால் அன்றிரவு ஊறவிட்டு மறுநாள் காலையில் இன்னொரு முறை கொதிக்கவிடுங்கள்.