பைப் புகையிலை டப்பாவைப் படிப்பது எப்படி

டப்பாவின் மேல் விர்ஜீனியா, கேவெண்டிஷ், ஃபிளேக் என்று மூன்று சொற்கள் இருந்தால், உள்ளே மூன்று வகைப் புகையிலை இருப்பதாக நினைக்க வேண்டாம். முதலாவது இலையின் பெயர், இரண்டாவது பக்குவத்தின் பெயர், மூன்றாவது நறுக்கின் பெயர்.

இலையில் தொடங்குவோம். விர்ஜீனியாவை அடைத்த கொட்டகையில் புகை படாமல் சூடேற்றிப் பாடம் செய்கிறார்கள். சீக்கிரம் காய்வதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். மஞ்சள் இலையில் வைக்கோல், எலுமிச்சை வாசம். சிவப்பில் ரொட்டி, உலர்பழ வாசம். பர்லி இதற்கு நேர் எதிர். காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்குவதற்குள் சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துவிடும். கொக்கோவை நினைவூட்டும் மணம். தடவும் வாசனையைப் பஞ்சுபோல் உறிஞ்சும். துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் ஓரியண்டல் சிறிய இலை, வெயிலில் காய்வது. லேசான புளிப்பும் சாம்பிராணி வாசமும் தரும்.

லட்டாக்கியா தனிச் செடி அல்ல. ஓரியண்டல் இலையையே விறகுப் புகையில் நெடுநாள் மூட்டம் போட்டுக் கருக்கியது. பெயர் சிரியாவின் துறைமுகத்திலிருந்து வந்தாலும், இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. பெரிக், லூயிசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதிக்கே உரியது. பீப்பாயில் அழுத்தி, அவ்வப்போது வெளியே எடுத்துப் புரட்டி, மறுபடி அழுத்தி, ஏறத்தாழ ஒரு வருடம் புளிக்க வைக்கிறார்கள். மிளகுக் காரமும் ஊறிய பழ வாசமும் வரும். சமையலில் பெருங்காயம் மாதிரி, கொஞ்சமாகச் சேர்த்தால்தான் அழகு.

கேவெண்டிஷ் என்பது ஆவியும் அழுத்தமும் கொடுத்து மென்மையாக்கும் முறை. விர்ஜீனியாவிலும் செய்யலாம், பர்லியிலும் செய்யலாம். இது புரிந்தால் 'அரோமேட்டிக்' டப்பாக்களின் ரகசியம் விளங்கிவிடும்: கேவெண்டிஷ் மேல் வெனிலாவோ பழ எசன்ஸோ. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசம் புகையில் பாதிகூட வராது.

கலவைகளைப் புரிந்துகொள்ள நேர்வழி, இலைகளைத் தனித்தனியே வாங்கி, கிராம் தராசில் 10 கிராம் அளவில் நாமே கலப்பது. 9 கிராம் சிவப்பு விர்ஜீனியாவும் 1 கிராம் பெரிக்கும் சேர்ந்தால், விர்ஜீனியா-பெரிக் என்பதைச் சுருக்கி 'வேப்பர்' எனப்படும் வகை. 5 விர்ஜீனியா, 2 ஓரியண்டல், 3 லட்டாக்கியா என்றால் இங்கிலீஷ் கலவை. ஓரியண்டலைக் கூட்டினால் 'பால்கன்' எனப்படும் கலவையின் பக்கம் சாயும். லட்டாக்கியா பாதியைத் தாண்டினால் மற்ற இலைகள் இருப்பதே தெரியாது. கலந்ததைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி இரண்டு வாரம் விடுங்கள். அன்றே புகைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் தெரியும்.

நாக்கு எரிந்தால் இலையைப் பழிக்கும் முன் ஈரத்தைப் பாருங்கள். சர்க்கரை மிகுந்த விர்ஜீனியாவை ஈரமாக நிரப்பி வேகமாக இழுத்தால் சுடுநீராவிதான் வாய்க்கு வரும். விரலால் கிள்ளி விட்டால் உருண்டையாகவே நிற்கும் இலை ஈரம், மெதுவாக விரிந்தால் சரி, நொறுங்கினால் காய்ந்துவிட்டது. ஈரமானதைக் காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் ஆற விடலாம். அரோமேட்டிக்கில் ஈரம் காக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பது வழக்கம் என்பதால் அது எளிதில் காயாது, பைப்பில் களகளவென்று சத்தம் போடும். ஃபிளேக் என்பது அழுத்திச் சீவிய தகடு. முதல்முறை அதை நன்றாக உதிர்த்தே நிரப்புங்கள், இல்லையேல் அணைந்துகொண்டே இருக்கும்.

லட்டாக்கியாவுக்குத் தனிப் பைப் ஒதுக்குங்கள். அதன் வாசம் மரத்தில் ஏறினால், அடுத்து நிரப்பும் மஞ்சள் விர்ஜீனியாவிலும் அதுவே மணக்கும். கயிறாகத் திரித்த கறுப்பு வகைகளில் நிகோடின் அதிகம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்த்தோல் வழியே ஏறும். தலைசுற்றலோ விக்கலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே இழுக்காததால் தீங்கில்லை என்பதும் தவறு. வாய்ப் புற்றுநோய்க்கு பைப்பும் காரணமாகும்.

மீந்ததைச் சேமிக்கும்போது விர்ஜீனியா வருடக்கணக்கில் இருக்க இருக்க மெருகேறும். லட்டாக்கியாவின் புகை மணம் மெல்ல மங்கும். புட்டியில் தேதி எழுதி, லட்டாக்கியாவை முதலில் தீர்த்துவிடுங்கள்.