புயல் சீசன்ல ட்ரிப் போறீங்களா? இன்சூரன்ஸை எப்ப, எப்படி வாங்கறது

முதல்ல ஒரே ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம். எந்த கம்பெனி, எவ்ளோ பிரீமியம்ங்கறதை விட என்னிக்கு வாங்கறீங்கங்கறது தான் புயல் விஷயத்துல முக்கியம். டிவில புயல் பேர் வந்தப்புறம் போய் பாலிசி வாங்கினா அந்த புயலுக்கு க்ளெய்ம் கிடைக்காது. வாங்கற அன்னிக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஆபத்துக்கு எந்த கம்பெனியும் காசு குடுக்க மாட்டாங்க, பாலிசி வேர்டிங்லயே இதை எழுதி வெச்சிருப்பாங்க. காத்து மணிக்கு கிட்டத்தட்ட 62 கிலோமீட்டர் வேகத்தை தொட்டா தான் நம்ம வானிலை துறை பேர் வெப்பாங்க, ஆனா அதுக்கு சில நாள் முன்னாடியே "வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வு பகுதி"ன்னு நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ்லேர்ந்து அறிவிப்பு வந்துடும், அந்த அறிவிப்பு வந்த நாளையே கடைசி நாளா வெச்சுக்கறது நல்லது. அதை விட நல்லது, டிக்கெட்டுக்கோ ஹோட்டலுக்கோ முதல் காசு கட்டற அன்னிக்கே பாலிசியும் எடுத்துடறது. பல பாலிசில ட்ரிப் கேன்சலேஷன் கவர் எடுத்த நாள்லேர்ந்தே ஓட ஆரம்பிச்சுடும், அதனால சீக்கிரம் வாங்கினா நஷ்டம் இல்ல.

எந்த ஊருக்கு எப்ப சீசன்னு பார்த்துக்கோங்க. நமக்கு அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், அது போக ஏப்ரல், மே மாசத்துலயும் வங்கக்கடல்ல புயல் வரும். அமெரிக்கா கிழக்கு கரை, ஃப்ளோரிடா, டெக்சாஸ், கரீபியன் பக்கம் ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும், அதுலயும் ஆகஸ்ட் நடுவுலேர்ந்து அக்டோபர் வரைக்கும் தான் உக்கிரம். ஜப்பான், தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ்னா பெரும்பாலும் ஜூலை டு அக்டோபர், பிலிப்பைன்ஸ்ல டிசம்பர் வரைக்கும் கூட வரும். போற ஊர் மட்டும் பார்த்தா போதாது, கிளம்பற ஊரும் கணக்கு. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் அப்போ மீனம்பாக்கம் ரன்வேல தண்ணி நின்னு ஏர்போர்ட்டை மூடினாங்க, மறுநாள் தான் திறந்தாங்க, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் அப்பவும் மூடினாங்க, 2015 வெள்ளத்துல பல நாள் சென்னைலேர்ந்து ஃப்ளைட்டே கிடையாது. துபாய்ல வெயில் அடிச்சுட்டு இருக்கும், நீங்க பல்லாவரத்தை தாண்ட முடியாது.

இப்ப பாலிசிக்குள்ள என்ன பார்க்கணும். ஃப்ளைட்டை ஏர்லைன்ஸே கேன்சல் பண்ணா டிக்கெட் காசு ரீஃபண்ட் வரும், இல்லன்னா வேற ஃப்ளைட் குடுப்பாங்க, விமான போக்குவரத்தை கட்டுப்படுத்தற அரசு அமைப்பான டிஜிசிஏவோட ரூல் அது. ஆனா புயல் இயற்கை காரணம்ங்கறதால தனியா நஷ்ட ஈடு கிடையாது. அவங்க திருப்பி குடுக்கற காசை இன்சூரன்ஸ் மறுபடி குடுக்காது. அதனால உங்களுக்கு வேண்டியது திரும்பி வராத காசுக்கான கவர், அதாவது ரீஃபண்ட் இல்லாத ஹோட்டல், டூர் பேக்கேஜ், க்ரூஸ், தனியா புக் பண்ண அடுத்த ஃப்ளைட். ஒரு பேப்பர்ல இதெல்லாம் எழுதி கூட்டுங்க, வர்ற தொகை தான் உங்க ட்ரிப் கேன்சலேஷன் லிமிட்டா இருக்கணும். நிறைய பேர் மெடிக்கல் கவர் ஐம்பதாயிரம் டாலரா ஒரு லட்சம் டாலரான்னு மட்டும் பார்த்துட்டு கேன்சலேஷனுக்கு எவ்ளோன்னு பார்க்கறதே இல்ல, அது ரொம்ப கம்மியா இருக்கும்.

அப்புறம் காரணங்களோட லிஸ்ட். கேன்சலேஷன் பக்கத்தை திறந்து புயல், வெள்ளம், இயற்கை சீற்றம்னு தெளிவா இருக்கான்னு தேடுங்க. சில பாலிசில உடம்பு சரியில்லாம போறது, குடும்பத்துல இறப்பு, இவ்ளோ தான் இருக்கும். இருந்தாலும் "புயல் வரும்போல இருக்கு, பயமா இருக்கு, போகல"ன்னு நீங்களா கேன்சல் பண்ணா க்ளெய்ம் ஆகாது, ஃப்ளைட் நிக்கணும், இல்ல அந்த ஊர்ல தங்க முடியாத நிலைமை வரணும். ட்ரிப் டிலேக்கு எத்தனை மணி நேரம் தாண்டணும்னு பாருங்க, 6 மணி நேரம்னு இருக்கறதும் உண்டு 12ன்னு இருக்கறதும் உண்டு, புயல் நேரத்துல இந்த வித்தியாசம் பெருசு. பாதி ட்ரிப்ல திரும்பற செலவு, மாட்டிக்கிட்டா கூடுதல் நாள் ஹோட்டல், ஊர் திரும்ப முடியலன்னா பாலிசி தானா நீளுமா, இந்த மூணையும் கேளுங்க.

அந்தமான் போறவங்களுக்கு தனியா சொல்லணும். அங்க சிக்கல் ஃப்ளைட்ல இல்ல, கப்பல்ல. 2016 டிசம்பர்ல காற்றழுத்த தாழ்வால ஹேவ்லாக் தீவுல டூரிஸ்டுங்க நூத்துக்கணக்குல மாட்டி நேவி கப்பல் போய் கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் அதே தாழ்வு தான் வர்தா புயலா சென்னைக்கு வந்துது. ஃபெர்ரி நின்னதால ஃப்ளைட்டை விட்டா அதுக்கு கவர் உண்டான்னு உள்நாட்டு பாலிசி குடுக்கற கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க, ஃபோன்ல சொன்னது நிக்காது. எப்படியும் ஹேவ்லாக்லேர்ந்து திரும்பற அன்னிக்கே சென்னை ஃப்ளைட் போடாதீங்க, ஒரு ராத்திரி போர்ட் பிளேர்ல விட்டு வைங்க.

பசங்களை பார்க்க ஹூஸ்டன், ஃப்ளோரிடா போற அப்பா அம்மாவுக்கு, பசங்க அங்கேர்ந்து எடுத்து குடுக்கற விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வைத்திய செலவுக்கானது, புயலால ட்ரிப் நின்னா அதை நம்ப முடியாது. இங்கேர்ந்து எடுக்கற டிராவல் பாலிசியை ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், சுகர் பிரஷர் இருந்தா மறைக்காம எழுதுங்க. இன்னொண்ணு, சீசன் நேரத்துல மாத்திரையை கூடுதலா ரெண்டு வாரத்துக்கு எடுத்துட்டு போக சொல்லுங்க. 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சப்போ ஹூஸ்டன்ல லட்சக்கணக்கான வீட்டுல நாள் கணக்கா கரண்ட் இல்ல, இன்சுலின் வெச்சிருக்கறவங்க பாடு என்னன்னு யோசிங்க.

டிக்கெட் போடும்போது கடைசி பக்கத்துல வர்ற சின்ன டிக் இன்சூரன்ஸை நம்பி இருக்காதீங்க, படிச்சு பார்த்துட்டு டிக் பண்ணுங்க. ஐஆர்சிடிசில ரயில் டிக்கெட்டோட சில பைசாவுக்கு வர்ற இன்சூரன்ஸ் ரயில் விபத்து மாதிரி அசம்பாவிதத்துக்கு மட்டும் தான், மழைல ட்ரெயின் நின்னா டிக்கெட் காசை ரயில்வே தான் திருப்பி தரும்.

புயல் வந்துடுச்சுன்னா முதல் வேலை பாலிசில இருக்கற உதவி நம்பருக்கு ஃபோன் போட்டு பதிவு பண்றது. ஏர்லைன்ஸ் அனுப்பின எஸ்எம்எஸ், மெயில் எதையும் அழிக்காதீங்க, ஃப்ளைட் வானிலையால தான் நின்னுதுன்னு அவங்ககிட்ட சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க, ஹோட்டல்காரங்க ரீஃபண்ட் தர மாட்டோம்னு சொன்னதையும் எழுத்துல வாங்கணும். சாப்பாடு, டாக்ஸி பில் எல்லாத்தையும் உடனே ஃபோட்டோ எடுத்துடுங்க, மழைல நனைஞ்ச பில்லை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. க்ளெய்மை தள்ளிட்டாங்கன்னா பாலிசியோட எந்த விதிப்படி தள்ளினீங்கன்னு எழுத்துல கேளுங்க, அப்புறம் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு மெயில், கூடவே இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துல புகார். ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா சென்னை தேனாம்பேட்டைல இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்வு சொல்ற ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு, அங்க மனு குடுக்க ஃபீஸும் கிடையாது வக்கீலும் வேண்டாம்.