பாரா பிரெஸ்ட் ஸ்ட்ரோக்: நீந்தி முடித்தும் பதக்கம் நழுவுவது ஏன்?

கடலூர் தேவனாம்பட்டினம் கடலிலும் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிணறுகளிலும் நீந்தப் பழகிய மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மூச்சுக்கும் துணிச்சலுக்கும் குறைவில்லை. ஆனால் நீச்சல் முறைகளிலேயே விதிகள் மிகக் கறாராக இருப்பது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் எனும் மார்பு நீச்சலில்தான். முதலாவதாக வந்தவரைக்கூட நடுவர் தகுதிநீக்கம் செய்துவிடலாம். அந்த வலியைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அரசு அடையாள அட்டையிலுள்ள குறைபாட்டுச் சதவீதத்தை வைத்துப் போட்டிப் பிரிவை முடிவுகட்டுவது பெற்றோர் பலரும் செய்யும் தவறு. 60 சதவீதம் என்றால் இன்ன பிரிவு என்ற கணக்கே கிடையாது. பிரிவை முடிவு செய்யும் வகைப்பாட்டுக் குழுவினர் தசை வலிமையையும் மூட்டு அசைவையும் சோதிப்பார்கள், தண்ணீரில் நீந்தவைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் போட்டியின்போதும் கவனிப்பார்கள். அட்டை இருந்தும் குறைந்தபட்ச அளவுகோலுக்குள் வராதவர்கள் உண்டு. இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும் எஸ் 1 முதல் எஸ் 10 வரை பிரிவுகள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்குத் தனியாக எஸ்பி 1 முதல் எஸ்பி 9 வரை. எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். இந்த நீச்சலில் உந்துவிசையின் பெரும்பங்கு கால்களிலிருந்து வருவதால், ஒருவருக்கே எஸ், எஸ்பி எண்கள் இரண்டும் வேறாக அமையலாம். பாராலிம்பிக்கில் எஸ்பி 3 வரை 50 மீட்டர், அதற்கு மேல் 100 மீட்டர். இடது கைக் குறைபாடுள்ள பெங்களூரு வீரர் சரத் கெய்க்வாட் 2012 லண்டனில் நீந்தியது எஸ்பி 8 பிரிவின் 100 மீட்டர். பிரிவு தெரியாமல் 50 மீட்டருக்கே பழகினால், பாதியில் மூச்சு வாங்கும்.

பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு, அதனுடன் தரப்படும் விதிவிலக்குக் குறியீட்டை (குறைபாட்டுக்கேற்ப எந்த விதியில் தளர்வு உண்டு என்று சொல்வது) வாசிக்காமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு கை குட்டையாக இருந்தால் நீளமான கை தொட்டால் போதும். ஆனால் 4 அல்லது 5 என்ற குறியீடு பெற்றவர், மற்றக் கையையும் தொடும் நோக்கத்தோடு கூடவே முன்னால் நீட்டியாக வேண்டும். அது எட்டாதுதானே என்று பின்னால் விட்டுவிட்டால் தகுதிநீக்கம். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்த நான்கு முறை சுவரைத் தொட வேண்டியிருக்கிறது. நான்கிலும் இந்த ஆபத்து உண்டு.

போலியோ பாதித்த காலுக்கு 12 என்ற குறியீடு கிடைத்தால், அந்தக் காலை இழுபடவிடலாம், அல்லது உதைக்கும் முயற்சியைக் காட்டலாம். முதல் பாதியில் ஒன்று, களைத்தபின் மற்றொன்று என்று மாற்றக் கூடாது. எது தன் உடலுக்கு ஒத்துவரும் என்பதைப் பயிற்சியிலேயே முடிவு செய்து, களைத்த நிலையிலும் அதையே நீந்திப் பழக வேண்டும். குறியீடு இல்லாதவர் இரு பாதங்களையும் வெளிப்புறம் திருப்பியே உதைக்க வேண்டும். கிணற்றில் கற்ற, கால்களைக் கத்தரிபோல் முன்னும் பின்னும் வெட்டும் கத்தரி உதை இங்கே செல்லாது.

தலையை எந்நேரமும் தூக்கியே நீந்தும் பழக்கமும் கடலோரப் பிள்ளைகளிடம் உண்டு. உப்பு நீர் உடலைத் தூக்கிக்கொடுப்பதால் அங்கே குறை தெரியாது. குளத்து நீரில் இடுப்பு தாழ்ந்து வேகம் செத்துவிடும்.

தண்ணீரில் இறங்கித் தொடங்குபவரை உதவியாளர் பிடித்துக்கொள்ளலாம், தள்ளிவிடக் கூடாது. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டே நீந்த வேண்டும். ஈரத் தரையில் தொடக்க மேடைவரை எப்படிப் போவது என்பதையும் ஒத்திகை பாருங்கள். கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி வந்துவிடுகிறது. கடலூரில் வீடும் புதுச்சேரியில் பயிற்சியும் என்றால், எந்த அணிக்காகப் பதிவு செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதுகுத்தண்டு பாதிப்பால் காலில் உணர்ச்சியற்றவர்களுக்குக் குளத்து விளிம்பில் தோல் கிழிந்தாலும் தெரியாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குதிகால், முழங்கால், விரல்களைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். புண் இருந்தால், ஆறும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.