மண்டி மூடினால் தக்காளியை என்ன செய்வது?

கொரோனாவுக்காக 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு போட்டபோது என் ஒன்றரை ஏக்கர் தக்காளி நாலாவது பறிப்புக்கு நின்றது. ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். எங்கள் மண்டிக் காயில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போவது. ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை, லாரி இல்லை. மண்டிக்காரருக்குப் போன் போட்டேன். "பறிக்காதீங்கண்ணே, பறிப்புக் கூலி கூட வராது" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டதுதான் முதல் தப்பு. விற்காவிட்டாலும் பறித்துவிட வேண்டும். செடியிலேயே விட்டால் பழம் வெடித்து அழுகும், அதில் புழு தங்கி அடுத்த பறிப்பையும் கெடுக்கும். நான் ஐந்து நாள் விட்டு அனுபவித்தேன்.

எல்லாவற்றையும் ஒரே பதத்தில் பறிக்காதீர்கள். நாளைக்கே விற்பதென்றால் முக்கால் பழம். நாலைந்து நாள் தாங்க வேண்டுமென்றால் லேசாகச் சிவப்பு ஏறிய செங்காய். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். செங்காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, ருசியும் போய்விடும். ஊரடங்கில் பறிக்க வெளியூர் ஆள் வராது. வீட்டு ஆட்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும்தான். ஒரு சால் விட்டு ஒரு சாலில் நின்றால் இடைவெளி தானாக வந்துவிடும்.

அடுத்தது வண்டி. ஊரடங்கிலிருந்து விவசாய வேலைக்கும் மண்டிக்கும் விலக்கு உண்டு என்று மத்திய அரசு மார்ச் 27-ஆம் தேதியே சொல்லிவிட்டது. ஆனால் செக்போஸ்டில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! குட்டியானையில் 40 பெட்டியோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று திரும்பி வந்தேன். மறுநாள் சிட்டா நகல், ஆதார், விலக்கு உத்தரவின் பிரின்ட் மூன்றையும் கவரில் போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். போக முடிந்தது.

விற்றது மண்டியில் அல்ல, திண்டுக்கல்லில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். தக்காளியை மட்டும் கொண்டுபோனால் வீட்டுக்கு ஒரு கிலோதான் போகும். பை கட்டுங்கள்: தக்காளி 2 கிலோ, கத்தரி அரை, சின்ன வெங்காயம் அரை, முருங்கை நாலு, ஒரு கைப்பிடி மிளகாய், மேலே கறிவேப்பிலை. கத்தரியும் முருங்கையும் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியவை, அவருக்கும் விற்க வழியில்லை. அப்போது பை 100 ரூபாய். சில்லறை தேட வேண்டாம், தராசு வேண்டாம், பேரம் இல்லை. தக்காளியை எப்போதும் மேலே வையுங்கள். முதல் நாள் அடியில் போட்டு, பாதிப் பை சட்னியாகிவிட்டது. முதல் நாளே வாங்கியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுங்கள். முந்தின இரவு ஆர்டர் வந்தால் அந்த அளவுக்கு மட்டும் பறிக்கலாம்.

மிஞ்சியதற்கு வற்றல். நாலாக அரிந்து, விதைச் சாற்றைப் பிழிந்து, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் புரட்டி, சேலையில் பரப்பி, மேலே கொசுவலை போடுங்கள். சித்திரை வெயிலில் நாலு நாள். சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி பட்டால் பூஞ்சை. 14 கிலோ பெட்டி காய்ந்தால் ஒரு கிலோ சொச்சம்தான் வரும், அதனால் எல்லாவற்றையும் காயப்போடலாம் என்று கிளம்பாதீர்கள்.

நடவை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே மார்க்கெட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் கோயம்பேடு மார்க்கெட் போதும்: 2020 மே 5-இல் மூடியது, 10-இல் ஊருக்கு வெளியே திருமழிசைக்குப் போனது, திரும்பத் திறக்கச் செப்டம்பர் 28 ஆயிற்று. நான் இப்போது ஒன்றரை ஏக்கரையும் ஒரே நாளில் நடுவதில்லை. அரை அரை ஏக்கராக, 20 நாள் இடைவெளி. நடுத்துண்டில் இந்த முறை கொத்தவரை.

அந்த வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை பை அனுப்புகிறேன். பெரிய லாபம் ஒன்றும் இல்லை, டீசல் காசு கழித்தால் கையில் கொஞ்சம் நிற்கும். யார் வீடு மாறினார்கள், யார் எண் மாற்றினார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.